பழக்காத பாடம்

மேசையில் வாயகன்ற இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் வைத்துவிட்டு, மீனாம்பிகை ரீச்சர் முட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"பிள்ளையள், இது என்ன?"

"உப்புத் தண்ணியின்ரை அடர்த்தி கூட, ரீச்சர்," என்றான் முன்வாங்கில் இருந்த சுபாங்கன். ஏழாம் வகுப்பு முழுவதும் ஆமோதித்துத் தலையாட்டியது. முட்டை இன்னும் தண்ணீருக்குள் போகவே இல்லை.

அதிகாரிகள் வகுப்புப் பார்க்க வருகிறார்கள் என்றால், முதல் நாளே அதே பாடத்தை அதே பிள்ளைகளுக்கு ஒருதரம் நடத்திப் பழக்கிவைப்பது அந்தத் தொண்டைமானாற்றுப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான். அதை ஒருவரும் களவென்று நினைத்ததில்லை. ஆட்கள் வரமுன்னம் வீடு கூட்டுவது மாதிரி. ரீச்சரும் நேற்று நன்றாகவே கூட்டிப் பெருக்கியிருந்தார். பின்வாங்கில் இருந்தவர் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த செபநாயகம் சேர் அல்லவா? விஞ்ஞானத்துக்கு ஆசிரிய ஆலோசகராக ஒருவரை எடுக்கப்போகிறார்கள், சிபாரிசு அவருடைய கையில். மீனாம்பிகைக்கு அந்த வேலையில் கொள்ளை ஆசை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மற்ற ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் செய்யவேண்டும் என்று எத்தனையோ வருடமாக மனதுக்குள் வைத்திருந்தவர்.

சேருடைய பேனை எழுதாமல் நின்றது. ரீச்சருக்குக் காது இரண்டும் சுட்டது. பெடியனை ஒரு வெருட்டு வெருட்டிவிட்டு, சிரித்துச் சமாளித்து முதலிலிருந்து தொடங்கலாம். அந்த வாய்ச்சாமர்த்தியம் இல்லாதவரா அவர்? ஆனால் சுபாங்கனோ சரியான விடை சொன்ன சந்தோசப் புளுகத்தில் நிமிர்ந்து இருந்தான். பாவம், அவனில் என்ன பிழை? சொல்லிக்கொடுத்ததைத்தானே சொன்னான்.

"சேர், இதை நேற்று இவையளுக்குப் படிப்பிச்சுப்போட்டன்," என்றார். "விடையெல்லாம் மனப்பாடம். அதாலை இண்டைக்கு இவையள் என்னைக் கேக்கட்டும்."

கேள்வி கேட்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு எங்கே வரும்? கேட்டுப் பழக்கமில்லையே. கடைசியில் யன்னல் ஓரத்தில் ஆரணி எழும்பினாள்.

"ரீச்சர், எங்கடை கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி. மோட்டர் போட்டுக் கனக்க இறைச்சால் உவராப் போகுது. அப்ப கீழை உப்புத் தண்ணியோ? ஏன் ரெண்டும் கலக்கேல்லை?"

மீனாம்பிகையும் அதே ஊரின் கிணற்றில் குளித்து வளர்ந்தவர், இதை ஒருநாளும் யோசித்ததே இல்லை.

"எனக்கு வடிவாத் தெரியாது, ஆரணி. செய்து பாப்பம்."

அதன் பிறகு அந்த மனுசியைப் பார்த்திருக்க வேண்டும். ஆசிரியர் அறையிலிருந்து ஆறிப்போன பிளேன்ரீயை, பால் விடாத தேத்தண்ணியை, எடுப்பித்து, நிறம் தெரியட்டும் என்று உப்புத் தண்ணீருக்குள் கலந்தார். அதன்மேல், கரண்டியின் முதுகில் வழியவிட்டு, நல்ல தண்ணீரைத் துளித்துளியாக ஊற்றினார். முதல்தரம் எல்லாம் கலங்கிப்போனது. "அவசரப்பட்டிட்டன்," என்று சொல்லித் திரும்பவும் செய்தார். இந்தமுறை கீழே தேத்தண்ணிக் கபிலமும் மேலே தெளிவுமாகத் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஆரணியைக் கூப்பிட்டு, உறிஞ்சு குழாயின் நுனியைக் கபிலத்துக்குச் சற்று மேலே பிடிக்கச் சொன்னார். மெல்ல உறிஞ்சியபோது தெளிந்த தண்ணீர் வந்தது. பிறகு பலமாக இழுத்தாள். கீழிருந்த கபிலம் கூம்பாக எழும்பிக் குழாய்க்குள் ஏறியது.

ஆரணியின் முகம் கோணியது. "உவர், ரீச்சர்."

வகுப்பு முழுவதும் மேசையைச் சுற்றி மொய்த்தது. செபநாயகம் சேரும் எழுந்து வந்து, பிள்ளைகளின் தலைகளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு பாடம் அந்த வகுப்பில் அதுவரை நடந்ததில்லை.

பாடம் முடிந்ததும் சேர் விறாந்தையில் நின்றார். "பழக்கின பாடத்துக்கு நான் புள்ளி போடேலாது, ரீச்சர். பிறகு செய்ததுக்கு என்ரை படிவத்திலை இடமில்லை." படிவத்தை மடித்தார். "வாற கிழமை மேலிடத்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன். இதே பாடத்தை இன்னொருக்காச் செய்து காட்டுவீங்களோ? அதைப் பாத்தால் அவையளும் ஓம் எண்டுவினம்."

இத்தனை வருட ஆசை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. ஓம் என்று சொல்ல எவ்வளவு நேரம்?

"வாங்கோ சேர். ஆனால் இந்தப் பாடம் இருக்காது. இதின்ரை விடை இப்ப பிள்ளையளுக்குத் தெரியும்."

"அப்ப என்ன பாடம்?"

"எனக்குத் தெரியாது," என்று சொல்லி மீனாம்பிகை வளவுப் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடக் கிணற்றடியில் ஆரணியும் சுபாங்கனும், அடித்தண்ணீர் உவரா என்று பார்க்க, கல்லுக் கட்டிய போத்தல் ஒன்றைக் கயிற்றில் அடிக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். ரீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சேரை அங்கேயே விட்டுவிட்டு, அவர்களிடம் ஓடினார்.