எட்டாவது பாட்டு

வாரப் பத்திரிகையில் ராக் ஆல்பங்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர் அவர். எதையும் முழுசாகக் கேட்டதில்லை. மூன்று பாட்டு, அவ்வளவுதான். முப்பது வருஷமாக வாசிக்கிற பெரிய குழு என்றால் "பழைய கம்பீரம் குறையவில்லை". சொந்தக் காசில் ஆல்பம் போடுகிற சின்னக் குழு என்றால் "நம்பிக்கை தரும் வரவு". மீதியைப் பாட்டின் தலைப்பை வைத்தே ஒப்பேற்றிவிடுவார். பதினாறு வருஷமாக ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. கில்லாடிதான், வேறென்ன சொல்ல!

சொந்தத் தம்பி ட்ரம்ஸ் வாசிக்கிற குழு ஆல்பம் அனுப்பியபோதாவது திருந்தினாரா? அதுவும் மூன்று வாரம் மேசையில் கிடந்தது. அப்புறம் அதே மூன்று பாட்டு. "எட்டாவது பாட்டான 'நீயே சொல்லிடு' கண்ணீர் வரவழைக்கிறது" என்று எழுதி முடித்தார், பாவி மனுஷன்.

பத்திரிகை வந்த மூன்றாம் நாள் காலை, தம்பி அதைக் கையில் சுருட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டான்.

"எட்டாவதைக் கேட்டியாண்ணா?" என்றான். அறை முழுக்க அதிர்ந்தது.

"ஏன்டா கத்துற? கேட்காமலா எழுதுவேன்? அழுதுட்டேன் தெரியுமா."

அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் முகம் சுருங்கியது. "அப்புறம் ஏன் வரல?"

"எங்க?"

"ஆல்பத்துல ஏழு பாட்டுதாண்ணா. எட்டாவதை உன் காப்பியில மட்டும் வச்சேன். அது பாட்டே இல்ல, நான் பேசினது. இடது காது போயிடுச்சு, வலதும் போயிட்டிருக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடி வா, அம்மாகிட்ட நீதான் பக்குவமா சொல்லணும்னு. உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

அவருக்குத் தலையில் இடி விழுந்தது. ட்ரம்ஸ்காரனுக்குக் காது போய்விட்டதாம். ஐயோ, மூன்று வாரமாக அது இந்த மேசையில்தானே கிடந்தது!

"ஆபரேஷன் எப்படா?"

"போன செவ்வாய்க்கிழமையே முடிஞ்சிடுச்சு. பிரயோஜனமில்ல. அண்ணனுக்குத் தெரியுமான்னு அம்மா கேட்டாங்க. இதைக் காட்டினேன். தெரிஞ்சும் எட்டிப் பார்க்கலையான்னு ரெண்டு நாளா சாப்பிடல அவங்க."

பக்கத்து மேசையில் பத்திரிகை ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். கேட்டேன் என்றால் தம்பியும் அம்மாவும் போனார்கள். கேட்கவில்லை என்றால் வேலை போனது, பதினாறு வருஷத்து மானமும் போனது.

தலையைக் குனிந்து முணுமுணுத்தார். "கேட்கலடா."

தம்பி வலது காதைக் கிட்டே கொண்டுவந்தான். "என்னது? சத்தமா சொல்லுண்ணா."

அவர் எழுந்து நின்றார்.

"கேட்கவே இல்லடா! மூணு பாட்டுக்கு மேல எந்த ஆல்பத்தையும் நான் கேட்டதே இல்ல!"

ஆறு மேசைகளிலும் தட்டச்சுச் சத்தம் நின்றது. தம்பி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

"வா. இதே சத்தத்துல அம்மாகிட்டயும் சொல்லு."