வலப்பக்கம் போட்ட வலை

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பரலோகமேரி. தங்கச்சிமடத்து வாய்க்கு அது நீளம் என்பதால் பரலோகம் டீச்சர் ஆகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருப்பேச்சைக் கேட்கிற வெளியூர்க்காரனுக்கு ஈரக்குலை நடுங்கும்.

"ஏலே, இன்னைக்குப் பரலோகத்துக்குப் போகலையா?"

"போன வாரந்தானம்மா போனேன்!"

உச்சிப்புளியிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் ஒரு வீட்டில், "பையன் எங்கம்மா?" என்று சும்மா கேட்டு வைத்தார். "பரலோகம் போயிருக்கான், பத்தரைக்கு வந்துருவான்" என்று அந்தம்மா சொன்னதும் சிலிண்டரைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டார். அந்தச் சத்தம் தலைமன்னார் வரைக்கும் கேட்டதாம்.

டீச்சருக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் அமையவில்லை. அம்மாவும் போன பிறகு வீட்டில் வாய் திறந்து பேசுவது குக்கர் ஒன்றுதான். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும். வாரநாளில் ஜெராக்ஸ் கடை வேலை. அங்கே வருகிறவர்கள், "ரெண்டு பக்கமும் எடுங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்வதில்லை. ஆறு நாள் பேச்சையும் சேர்த்து வைத்து ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு மணி நேர மறைக்கல்வி வகுப்பில் கொட்டுவாள். சும்மா கொட்டமாட்டாள், செங்கடல் பிளந்த கதையைச் சொன்னால் முன்பெஞ்சுப் பிள்ளைகள் நனைந்து வீடு திரும்பும்.

ஒரு காலத்தில் அறுபது பிள்ளைகள். இடமில்லாமல் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு வேதம் படித்தன. இப்போது டியூஷன், கிரிக்கெட், மொபைல். தப்பித்தவறி வருகிறவர்களும் படிக்க வருவதில்லை, விசாரிக்க வருகிறார்கள். "நோவா கப்பல்ல டைனோசர் ஏறுச்சா டீச்சர்?" என்பான் கிளாட்வின். ஆறாம் வகுப்புதான். கேள்வியெல்லாம் ஹைகோர்ட் வக்கீல் கேள்வி.

ஃபாதர் போன வாரமே சொல்லிவிட்டார்: "வர்ற ஞாயிறு பத்தரைக்கு வந்து பாப்பேன். அஞ்சு பேராவது இருக்கணும் டீச்சர். இல்லாட்டிப் பிள்ளைகளைப் பாம்பன் வகுப்போட சேத்துருவோம். உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல?"

ஓய்வா! அவள் வீட்டில் அது மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

அந்த ஞாயிறு நான்கு பேர் வந்தார்கள். டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதே முக்காலுக்கு வாசலில் ஐந்தாவது ஆள்: ஜெனோவா. ஏழாம் வகுப்பு. அவள் அப்பாவின் விசைப்படகை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போய் மூன்று வாரம் ஆகிறது. ஆள் யாழ்ப்பாணம் ஜெயிலில். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் வருகிறாள்.

டீச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கைவசம் இருந்ததிலேயே நல்ல கதையை எடுத்தாள். இயேசுவின் சீடர் ராயப்பரும் கூட்டாளிகளும் விடிய விடிய வலை போடுகிறார்கள். ஒரு பொடிமீன்கூட இல்லை. கரையில் நின்று ஆண்டவர் கூப்பிட்டுச் சொல்கிறார், படகுக்கு வலப்பக்கம் போடுங்கள் என்று. போட்டால், இழுக்க முடியாத பாடு! எண்ணிப் பார்த்தால் நூற்று ஐம்பத்து மூன்று பெரிய மீன்.

"எண்ணுனாங்களா? மீனை எவன் டீச்சர் எண்ணுவான்? கூடைக் கணக்குத்தான சொல்லுவாங்க?" என்றான் கிளாட்வின்.

"ஒண்ணொண்ணும் உன் சைஸுலே! கூடைக்குள்ள அடங்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெனோவா சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"டீச்சர், நம்ம கரையில இருந்து வடக்க பாத்துப் போனா வலப்பக்கம் என்ன இருக்கு?"

டீச்சர் யோசிக்காமல், "கிழக்கு" என்றாள்.

"கிழக்க என்ன இருக்கு?"

கடலில் பிறந்த பிள்ளைகள், எல்லோருக்கும் தெரியும். கிளாட்வின்தான் மெதுவாகச் சொன்னான்: "பார்டர்."

"எங்க அய்யாவும் வலப்பக்கந்தான் போட்டாரு. இந்தப் பக்கம் ஒண்ணும் படலைன்னு. போறப்ப சாமி கும்பிட்டுட்டுத்தான் போனாரு. அவருக்கு மட்டும் ஏன் நேவி வந்துச்சு?"

மணி பத்து இருபது.

பதிலா இல்லை டீச்சரிடம்? இருபத்திரண்டு வருஷத்துப் பதில்கள் வரிசையில் நின்று கை தூக்கின. கடவுள் சோதிக்கிறார் என்றது ஒன்று. நீ ஜெபித்தால் பாஸ்காத் திருவிழாவுக்குள் அய்யா வந்துவிடுவார் என்றது இன்னொன்று. அது நல்ல பதில். ஜெனோவாவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிடும். பத்தே நிமிஷம் உட்கார்ந்தால் போதும். டீச்சர் வாயைத் திறந்தாள். அந்தப் பிள்ளை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியலடி" என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியல."

ஜெனோவா பெஞ்சை விட்டு வாசலுக்கு நடந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஃபாதர் சொன்ன நேரத்துக்கு வந்தார். விரலை நீட்டி எண்ணினார். "நாலுதான் இருக்கா?"

"அஞ்சு ஃபாதர்!" என்று துள்ளி எழுந்தான் கிளாட்வின். "ஜெனோவா தண்ணி குடிக்கப் போயிருக்கா!"

"ஆமா ஃபாதர், ரொம்பத் தாகம்!" என்றன மற்ற மூன்றும். வேத வகுப்பில் அப்படி ஒரு ஒற்றுமையான பொய்யை அந்தக் கோயில் கண்டதில்லை. ஃபாதர் டீச்சரைப் பார்த்தார். தலையை ஆட்டினால் போதும்.

"இல்ல ஃபாதர். வீட்டுக்குப் போயிட்டா. திரும்பி வர மாட்டா."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளை ஷேர் ஆட்டோ அள்ளிக்கொண்டு பாம்பனுக்குப் போனது. "டாட்டா டீச்சர்!" என்று கத்தினான் கிளாட்வின். டீச்சர் வீட்டுக்கு வந்தாள். குக்கர் வைத்தாள். அது மூன்று சொல் சொல்லி அடங்கியது. சோற்றைத் தட்டில் போட்டாள், சாப்பிடவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வெறுங்கையோடு கடற்கரைத் தெருவுக்கு நடந்தாள்.

ஜெனோவா வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தது. அம்மா கம்பெனியில் இறால் உரிக்கப் போயிருந்தாள். பிள்ளை மட்டும் காவல்.

"என்ன டீச்சர், வகுப்பெடுக்க வந்தீங்களா?"

"இல்லடி, வகுப்பு இல்ல. வீட்ல பேச ஆளில்ல. அதான் வந்தேன்."

ஜெனோவா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"அப்ப இங்கன உக்காருங்க. காக்கா வெரட்டணும்."

டீச்சர் குச்சியை வாங்கிக்கொண்டாள்.