தண்ணீரில் விழுந்த மேகம்

தம்பி பதினொரு குளிர்காலமாகக் காத்திருந்த மேகம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தது. அக்கா அப்போது ஏரிக்கரையில், நீரேற்று நிலையத்தின் பின்படிகளில் காலிப் பாட்டிலோடு இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கே குடிதண்ணீர் போகும் ஏரி அது. காலையும் மாலையும் அதே படியில் நின்று ஒரு பாட்டில் தண்ணீர் பிடிப்பாள். சோதனை அறைக்குக் கொண்டுபோய்க் குடுவையில் ஊற்றிச் சற்றுச் சூடாக்கி, முதலில் மூக்கால் பார்ப்பாள், அப்புறம்தான் கருவி. பதினாறு வருஷமாக அவள் வேலை இதுதான். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'மூக்கு' என்றே பெயர். "மூக்கு வந்தாச்சா?", "மூக்குக்கு இன்னைக்கு லீவு" என்று அவள் காதுபடவே பேசுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நடுவே, ஓர் உறுப்பாவது வேலை செய்கிறதே என்று நினைத்துக்கொள்வாள்.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடை நேரம் போக மீதி நேரமெல்லாம் வானத்தில்தான் இருப்பான். குளிர் உச்சத்துக்குப் போகும் நாட்களில், சூரியன் மறைந்து மற்ற மேகங்கள் கறுத்துவிட்ட பிறகு, வெகு உயரத்தில் சிப்பியின் உட்புறம் போல மின்னும் ஒருவகை மேகம் உண்டு. அந்த ஊர்ப் பக்கம் அது வருவது அத்தி பூத்தாற்போல. அதைப் படம் பிடித்தே தீருவது என்று டிசம்பர் பிறந்தால் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவான்.

கரையில் திடீரென்று கூச்சல் எழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். தென்மேற்கில் இளஞ்சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக, யாரோ ஈரப் பட்டுச் சேலையை உதறிப் போட்டதுபோல் ஒரு மேகம் அலையலையாகக் கிடந்தது. கரைச் சாலையில் வண்டிகள் கண்டபடி நின்றன. குளிருக்குப் பயந்து எஞ்சினை ஓடவிட்டபடியே ஜனம் இறங்கி ஓடிவந்தது. அவளும்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். குனிந்தால், நிலையத்தின் சுவரோரம் தண்ணீரிலும் அதே பச்சை, அதே ஊதா.

"பாருங்க, மேகம் தண்ணியில இறங்கிடுச்சு!" என்று யாரோ கத்த, எல்லாக் கைப்பேசிகளும் கீழே திரும்பின.

தம்பி எங்கிருந்தோ ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தான். கண்ணில் தண்ணீர்.

"அக்கா, பாத்தியா அக்கா! வந்துடுச்சு!"

"பாத்துட்டுத்தான்டா இருக்கேன். போ, போய் எடு."

டீசல் நாற்றம் அடித்தது. சாலையில் நிற்கும் வண்டிகள் என்று நினைத்தாள். கை மரத்துப்போயிருந்தது, படியில் முண்டியடிக்கும் கூட்டத்தில் பாட்டிலை இறக்கவும் இடமில்லை. காலையில் பிடித்துக்கொள்ளலாம் என்று மேலேறிப் போய்விட்டாள். பதினாறு வருஷத்தில் அவள் தண்ணீர் பிடிக்காத மாலை அது ஒன்றுதான். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் மற்றவர்கள்மேல் வருவதற்கு முன்பு தன்மேல்தான் அவளுக்கு அருவருப்பு வந்தது.

மறுநாள் காலை வானம் அழுக்குப் பாத்திர மூடி போல இருந்தது. மேகத்தில் நிறமில்லை. தண்ணீரில் இருந்தது. சுவரோரம் தொடங்கி, உறிஞ்சு குழாய் இறங்கும் இடம் வரை பளபளவென்று ஓர் ஏடு மிதந்தது. நடுவில் ஒரு நீர்க்கோழி, இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு, கழுத்து மடங்கிச் செத்துக் கிடந்தது. பாட்டிலை முக்கி எடுத்தபோது கையுறையில் வழவழவென்று ஒட்டியது. முகர்ந்து பார்க்கக் குடுவையோ சூடோ தேவைப்படவில்லை. நேற்று இதைப் பார்த்துத்தான் ஊரே ஆகா ஓகோ என்றது. அவளும் அந்த ஊரில் ஒருத்தி.

பாட்டிலை நேரே மேலாளர் மேசைமேல் கொண்டுபோய் வைத்தாள். மேலாளருக்கு 'இஸ்திரி' என்று பெயர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, முகத்திலும் இருக்காது. பல்குச்சியால் கடைவாயைக் குடைந்துகொண்டிருந்தவர், குச்சியை வெளியே எடுத்து, நுனியில் வந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே விட்டார்.

"என்னம்மா இது?"

"டீசல் சார். குழாய் வரைக்கும் பரவியிருக்கு. பம்பை நிறுத்தணும்."

"நேத்து மேகம் வந்துச்சே, பாக்கலையா? அதோட நிழல் தண்ணியில தெரிஞ்சதை ஊரே பாத்துச்சு."

"அது நேத்து சார். இன்னைக்கு மேகமே இல்லை. நிழல் எப்படி பாட்டிலுக்குள்ள வரும்?"

"பாட்டிலைச் சரியாக் கழுவியிருக்க மாட்டே."

சொல்லிவிட்டு எழுந்தார். பாட்டிலை இரண்டு விரலால் தூக்கிப்போய் அறை மூலையிலிருந்த கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தார். குழாயைத் திறந்து அலம்பிவிட்டார். கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, அதை நாலாக மடித்துப் பையில் வைத்தார். பல்குச்சியும் அதே பைக்குள் போனது.

"நேத்து சாயங்காலம் பிடிச்ச பாட்டில் எங்கே?" என்றார்.

அவள் தொட்டியில் கவிழ்ந்து கிடந்த காலிப் பாட்டிலைப் போய் எடுத்துக்கொண்டாள்.

"எடுக்கலைல்ல? மேகம் பாத்துட்டிருந்தே. அதை நான் எழுதினா உனக்கு நல்லாருக்காது. போய் வேலையைப் பாரு."

அவள் வெளியே வந்து மறுபடியும் இரண்டு பாட்டில் பிடித்தாள். ஒன்றையும் அலுவலகத்தில் வைக்கவில்லை.

பம்ப்காரர் அவளைப் படிக்குப் பின்னால் கூப்பிட்டார். மின்சாரம் போனால் பம்பை ஓட்டுவதற்கு நிலையத்துக்குள் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அதன் டீசல் தொட்டியில் பற்றவைத்த இணைப்பு விட்டுப் போய் ஒரு மாதமாகிறதாம். ஒழுகி வழிவதெல்லாம் சுவரோர வடிகால் வழியே ஏரிக்குத்தான் போகுமாம்.

"சார்கிட்ட அப்பவே சொன்னேம்மா. கீழே வாளி வைன்னாரு. வாளி நிறைஞ்சா என்ன பண்றதுன்னு சொல்லலை." அவர் குரலைத் தாழ்த்தினார். "என் பேரு எங்கயும் வரக்கூடாது. நான் புள்ளகுட்டிக்காரன்."

வியாழக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் தம்பியின் படம் வந்தது. மேலே மேகம், கீழே ஏரி, இரண்டிலும் வண்ணம். வெள்ளிக்கிழமை அதையே ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி அலுவலகக் கூடத்தில் மாட்டினார் மேலாளர். பக்கத்தில் அறிவிப்பு: தண்ணீரில் தெரிந்தது அபூர்வ மேகத்தின் பிரதிபலிப்பே, பொதுமக்கள் வீண் பீதி அடைய வேண்டாம். குழாய்த் தண்ணீர் நாறுகிறது என்று தொலைபேசியில் திட்டியவர்களுக்கும் அந்த இரண்டு வரியையே படித்துக் காட்டினார்கள். படத்தை எடுத்தவனை அழைத்துக் கைகுலுக்கிப் பல்லை இளித்தார்கள். வருகிற வருஷ நாட்காட்டிக்கும் அவன் படம்தானாம். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். மேகம் படத்தின் வலது மேல் மூலையில். தண்ணீரில் நிறம் இடது கீழ் மூலையில், சுவரோரமாக. அதற்கு நேர் மேலே வானம் வெறிச்சென்று கிடந்தது. மேகம் ஓரிடத்தில் இருக்க, அதன் நிழல் வேறிடத்தில் விழாது. இது அவளுக்கே தெரிகிறதென்றால், பதினொரு வருஷம் வானத்தை அளந்தவனுக்கு?

சனிக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே சிரித்தான்.

"வா, வா! கூடத்துல பாத்தியா? எவ்வளவு பெருசு!"

"பாத்தேன். அன்னைக்கு நீ எடுத்த மொத்தப் படமும் வேணும். மேகம் கலைஞ்சப்புறம் எடுத்ததும் சேத்து."

அவன் சிரிப்பு சற்றுச் சுருங்கியது. "எதுக்கு?"

"மேகம் போனப்புறமும் தண்ணியில கலர் இருந்துச்சான்னு பாக்கணும்."

"அக்கா, முதல்ல உக்காரு. டீ போடறேன்."

அடுப்பை மூட்டினான். அவள் கைகழுவக் குழாயைத் திறந்தாள்; குப்பென்று அதே நாற்றம். திரும்பினால், அவன் குழாய்ப் பக்கமே வரவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து ஒரு கேனை இழுத்து, அதிலிருந்து பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினான். அவள் குனிந்து பார்த்தாள். மேசைக்கடியில் கடைத் தண்ணீர்க் கேன்கள் ஆறு வரிசையாக நின்றன.

"இதெல்லாம் எப்ப வாங்கினே?"

"புதன்கிழமை..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்னு இல்லை. எதுக்கும் எச்சரிக்கையா இருப்போமேன்னு."

"அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தியா?"

அம்மா இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். தம்பி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன்டா?"

"அம்மாகிட்ட சொன்னா ஊருக்கே சொல்லிடுவாங்க அக்கா."

சின்ன வயதில் தன் தட்டிலிருந்து எடுத்து அவள் ஊட்டி வளர்த்த தம்பியின் கை அது. இப்போது கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

"நாலு நாளா அம்மா இதைக் குடிச்சிட்டிருக்கு. நீ கேன் வாங்கி வச்சு டீ போடறே."

"பதினொரு வருஷம் அக்கா! ஒரே ஒரு படம். நீ அதுல டீசல் நாத்தத்தை ஏத்தப் பாக்கறே. அழகா இருக்கறதை ஏன் அசிங்கப்படுத்தறே?"

"நான் அசிங்கப்படுத்தறேனா?"

டீ கொதித்து வழிந்தது. அவள் அதைத் தொடவில்லை. கைக்கு ஒன்றாக இரண்டு கேன்களைத் தூக்கிக்கொண்டு, தோள் இற்றுப்போக நடந்து அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா மூன்று நாளாக வயிறு சரியில்லை என்று படுத்திருந்தாள். சமையலறையில் குடம் நிறையக் குழாய்த் தண்ணீர். அவள் அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் குடத்தைத் தேய்த்தாள். எத்தனை தேய்த்தும் வழவழப்பு போகாததுபோலவே இருந்தது.

"தம்பி படம் பேப்பர்ல வந்துச்சே, பாத்தியா?" என்று அம்மா படுக்கையிலிருந்து கேட்டாள்.

"பாத்தேன்மா."

மத்தியானம் முழுக்க அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் படம் போட்டுக்கொள்ளும் பக்கத்தில் அந்த மேகம் மட்டும் ஐந்நூறுக்கு மேல் இருந்தது. மேகத்தோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டவர்கள், விரல் நுனியில் தாங்குவதுபோல் நின்றவர்கள், உதட்டைக் குவித்தவர்கள். பாதிப் படங்களில் பின்னால் அந்த எண்ணெய் ஏடு. ஆனால் எல்லாவற்றிலும் மேகமும் இருந்தது, அதுதான் சிக்கல். மேலாளர் மறுபடி நிழல் என்பார்.

கடைசியில் ஒரு படம் கிடைத்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் போட்டது. பேருந்து டயர் பஞ்சராகிக் கரையில் நின்றதைத் தன் மேலதிகாரிக்குக் காட்ட எடுத்திருக்கிறார். அதை ஏன் இங்கே போட்டாரென்றால், அன்றைக்கு அவரும் அங்கேதான் இருந்தாராம். 'மேகம் எங்கே அண்ணே, டயருக்குள்ளயா?' என்று கீழே கேலி செய்து தீர்த்திருந்தார்கள். கோணல் படம். முக்கால் பாகம் டயர். ஆனால் டயருக்குப் பின்னால் சூரியன் இன்னும் மறையவில்லை. வானத்தில் மேகத்தின் சுவடே இல்லை. சுவரோரம் தண்ணீரில் பச்சையும் ஊதாவும் பளபளத்தன. ஓரத்தில் நேரமும் பதிவாகியிருந்தது. மேகம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு.

ஓட்டுநருக்குப் போன் செய்தாள்.

"படத்தைத் தாராளமா எடுத்துக்கங்கம்மா," என்றார் அவர். "ஒருத்தராவது அது நல்ல படம்னு சொன்னீங்களே."

திங்கட்கிழமை காலை அந்தப் படத்தோடும் இரண்டு பாட்டில்களோடும் நகரச் சுகாதார அதிகாரியின் அறையில் போய் உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை மாலை தண்ணீர் பிடிக்காமல் விட்டது தன் தப்பு என்பதைத்தான் முதலில் சொன்னாள். அதிகாரி பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். முகம் சுளித்தார். அவருடைய மேசையிலும் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர் பாதி குடித்தபடி இருந்தது. அதை அவர் பார்த்த பார்வையிலேயே வேலை முடிந்துவிட்டது. பதினோரு மணிக்குப் பம்ப் நின்றது. மத்தியானம் ஜெனரேட்டர் தொட்டிக்கு அடியில் வழிந்து நின்ற வாளியைக் கண்டுபிடித்தார்கள்.

ஒன்பது நாள் ஊருக்கு லாரியில் தண்ணீர் வந்தது. மேலாளரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய அறை என்று கேள்வி. அக்காவுக்கு அந்த ஒரு மாலைக்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அலுவலகத்தில் யாரும் இப்போது அவளை மூக்கு என்று கூப்பிடுவதில்லை. எதுவும் சொல்லியே கூப்பிடுவதில்லை. பம்ப்காரர்கூட எதிரே வந்தால் தரையைப் பார்த்தபடி போனார். கூடத்திலிருந்த படத்தைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் சுவர் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள்.

அம்மாவுக்கு உடம்பு தேறியது. தேறியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அவன் சாப்பிடறதே இல்லையாம். ஒரு வார்த்தை பேசிடேன்" என்பதுதான்.

"பேசறதுக்கு என்னம்மா இருக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரியைத் துப்புரவு செய்ய ஆள் போதவில்லை. எண்ணெயை உறிஞ்சும் வெள்ளை விரிப்புகளைத் தண்ணீரில் பரப்பி, ஊறியதும் இழுத்து மூட்டை கட்ட வேண்டும். செத்த பறவைகளைத் தனியாகப் பொறுக்க வேண்டும். அவள் முழங்கால் பூட்ஸோடு சுவரோரம் நின்றிருந்தபோது தம்பி படியிறங்கி வந்தான். கழுத்தில் காமிரா.

"அக்கா, நானும் செய்யறேன்."

"காமிராவை வண்டியில வச்சிட்டு வா."

அவன் மறுபேச்சு இல்லாமல் போய் வைத்துவிட்டு வந்தான். அவள் ஒரு ஜோடி கையுறையையும் ஒரு கறுப்புப் பையையும் நீட்டி, நீர்க்கோழிகள் ஒதுங்கிக் கிடந்த மூலையைக் காட்டினாள். முதல் பறவையைக் காலைப் பிடித்துத் தூக்கினான். அதன் வயிறு பிய்ந்து கறுப்பாக என்னவோ அவன் பூட்ஸ்மேல் வழிந்தது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அவளுக்குப் பாவமாக இல்லை. குளிரில் ஆவி பறக்க அவன் குனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே, கையிலிருந்த விரிப்பைச் சுருட்டி மூட்டைக்குள் திணித்தாள்.

அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"அந்த மூலையில இன்னும் நாலு இருக்கு," என்றாள் அவள்.

அவன் பையைத் திறந்து பிடித்தபடி அந்தப் பக்கம் நடந்தான்.