காக்கையைச் சுற்றி ஒரு வட்டம்

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா: இந்தக் கதை நான் செய்த தப்பில் பிறந்தது. ஓர் ஓவியக் கண்காட்சி. திறப்பு விழாவுக்கு அரை மணி முன்பே போய்விட்டேன். யாரோ டீ தந்தார்கள். மேசையில் வெள்ளை விரிப்பு கிடந்தது. கிளாஸை அதன்மேல் வைத்தேன்.

அது விரிப்பு இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'எலிசாள் ஓர் ஏழை விதவை. லேஸ் பின்னித்தான் அவள்...'

(அடித்துவிட்டேன். அவள் வீட்டுக்காரர் ஜம்மென்று ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவளும் அரசாங்க ஆபீசில் சீனியர் கிளார்க். பரிதாபம் சேர்த்தால் உங்களுக்குக் கண் கலங்கும். அவளுக்குக் கோபம் வரும்.)

சரி, மறுபடி. திருவனந்தபுரத்தில் ஆரியசாலை முக்கில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் எலிசாள் மேலே பார்ப்பாள். மின்கம்பத்தில் கேபிள்கள் சிக்கிக் கிடக்கும். நடுவில் ஒரு காக்கை. அதை வரைந்தாள். வரைந்ததை அட்டையில் ஊசித் துளைகளாக்கி, திண்டின்மேல் வைத்து, நூல் சுற்றிய எண்பது மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பதினொரு மாதம் வெள்ளை லேஸாகப் பின்னினாள். பூவும் கொடியும் பின்னுகிறவர்கள் நிறைய. கேபிள் பின்னியவள் இவள்தான்.*

படங்களோடு படமாகச் சுவரில் தொங்க வேண்டும், கீழே தன் பெயர் இருக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

* என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

3

பெயர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் சுவராகத் தேடி வந்தவள், மேசையருகே நின்றுவிட்டாள்.

"மாமி, அந்தக் கிளாஸைக் கொஞ்சம் எடுப்பீங்களா?"

எடுத்தேன். காக்கையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வட்டம்.

கண்காட்சி நடத்துகிற ராஜஸ்ரீ ஓடி வந்தாள். "அய்யோ சேச்சி! யாரோ டேபிள் கிளாத்னு நினைச்சு விரிச்சுட்டா. கிராஃப்ட் ஸ்டாலுக்கு மாத்திடலாமா? அங்க நன்னா விக்கும், கேட்டேளா?"

"விக்க வரல்ல மோளே. சுவத்துலேர்ந்து ரெண்டு விரல் தள்ளித் தொங்கவிட்டு லைட் அடிச்சாத்தான் நிழலு விழும். நிழலையும் சேர்த்தாக்கும் நான் வரைஞ்சது. மேசையில எங்க நிழலு?"

"ஆனா இப்போ கறை..."

எலிசாள் என் பக்கம் திரும்பினாள். "கிளாஸை வச்சது நீங்கதானே? நீங்களே சொல்லுங்க. வீட்டுக்குக் கொண்டுபோயிரவா?"

4

முடிவு ஒன்று: அவள் அதைத் துவைத்து... (துவைத்தால் ஊசி குத்தி விரித்துக் காயவைக்க ஒரு நாள் வேண்டும். அரை மணியில் நடக்காது.)

முடிவு இரண்டு: அந்தக் கறைதான் அழகு என்று ஒரு விமர்சகர் வியந்து... (சீ. என் தப்புக்கு நானே பொன்னாடை போர்த்திக்கொள்வதா?)

முடிவு மூன்று: அவள் அதை நாலாக மடித்துப் பையில்

இதை என்னால் எழுத முடியவில்லை.

"தொங்கவிடும்மா" என்றேன்.

"அப்போ இந்தப் பக்கம் பிடிங்க."

நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. அவள் வாயில் நாலு நீளக் குண்டூசி. ராஜஸ்ரீ விளக்கைத் திருப்பினாள். சுவரில் விழுந்தது நிழல். கம்பிகளுக்குப் பின்னால் இன்னும் கம்பிகள். ஒரு காக்கைக்கு இரண்டு காக்கை. கறைக்கு மட்டும் நிழல் இல்லை.

கதவு திறக்கப் போகிறது. முதலில் உள்ளே வருகிறவர் நீங்கள்தான். சுவரில் என்ன தெரிகிறது என்று எலிசாளிடம் நீங்களே சொல்லுங்கள். அதுவரை நான் இந்த முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், கை வலிக்கவில்லை.

கிளாஸை மட்டும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.