அரை நொடி தாமதம்

ஒரே வீட்டு மருமகள்கள் இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியைகளாக இருப்பது, வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு அழகான விஷயம். ஒரே பேருந்தில் போய் ஒரே பேருந்தில் திரும்புவார்கள். நான்காம் வகுப்பு ‘அ’ பிரிவு பெரியவளுக்கு, ‘ஆ’ பிரிவு சின்னவளுக்கு. மாமியார் கூப்பிடுகிற பெயர் பள்ளி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டதால், வாயிற்காவலர் முதல் தலைமையாசிரியை வரை எல்லோருக்கும் அவர்கள் பெரிய டீச்சர், சின்ன டீச்சர். ‘பெரிய’ என்பதில் பெரியவளுக்கு ஒரு காலத்தில் பெருமைகூட இருந்தது. புதுசு வந்த வருடம் அது போயிற்று.

புதுசு என்பது பிள்ளைகள் வைத்த பெயர். எல்லைக்கு அப்பால் சண்டை மூண்டபோது தாயோடும் மாமனோடும் நடந்தே வந்து, ஊருக்கு வெளியே பழைய கிடங்குகளில் தங்கவைக்கப்பட்டவர்களில் ஒருத்தி. ஒன்பது வயது. இந்த ஊர் மொழி தெரியாது. முதலில் பெரியவளின் வகுப்பில்தான் உட்கார்ந்தாள். பெரியவள் குறை எதுவும் வைக்கவில்லை. முன்வரிசையில் இடம் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்து அட்டைகளில் படம் வெட்டி ஒட்டினாள். அந்தப் பெண் அட்டைகளை வாங்கி ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொண்டாளே தவிர வாயைத் திறக்கவில்லை. அரையாண்டுக்குப் பிறகு, ‘அ’ பிரிவில் நெரிசல் என்று சிலரை ‘ஆ’ பிரிவுக்கு மாற்றியபோது புதுசும் போனாள். போன சில வாரங்களில் ஆசிரியர் அறையில் பேச்சு வந்துவிட்டது: வாய்ப்பாடு சொல்கிறாளாம், கையைத் தூக்குகிறாளாம், சிரிக்கிறாளாம்.

“உங்ககிட்ட இருந்தப்ப வாயே திறக்காதே அந்தப் பொண்ணு” என்றார் ஓவிய ஆசிரியர், தூரிகையைக் கழுவியபடி. கள்ளமில்லாமல்தான் சொன்னார். கள்ளத்தோடு சொல்லியிருந்தால் பெரியவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். சின்னவள் அந்தத் தெருவிலேயே பிறந்தவள், பக்கத்து வீடு. அண்ணன் தம்பி இருவரோடும் ஓடிப்பிடித்து வளர்ந்து, தம்பியைக் காதலித்து, சிறுவயதில் மதில் ஏறிக் குதித்த வீட்டுக்குள் பிறகு வாசல் வழியாக வந்தவள். மருமகளாக அவள் வந்தது பெரியவளுக்குப் பின்னால்தான். ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எப்போதும் ஒரு நாற்காலி இருந்தது. பெரியவளோ ஒரு பகல் பயணத் தூரத்திலிருந்து, பெரியவர்கள் பார்த்துப் பேசி முடித்து வந்தவள்.

மேசையில் நடக்கும் பேச்சில் பாதி, அவள் வருவதற்கு முன் நடந்தவற்றைப் பற்றியது. யாராவது சாவியையோ மூக்குக்கண்ணாடியையோ தேடினால் போதும், சின்னவள் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, “யாரைத் தேடுறீங்க?” என்பாள். மாமியாருக்குப் புரையேறும். கொழுந்தன் மேசையைத் தட்டுவான். பெரியவளின் கணவன் மட்டும் காது சிவக்கச் சிரிப்பான். பெரியவளும் சிரிப்பாள். அதில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வந்த புதிதில் கேட்டிருக்கலாம். முதல் வருடம் கேட்காமல் விட்டதை ஐந்தாம் வருடம் கேட்க முடியவில்லை. இப்போது பன்னிரண்டாம் வருடம் நடந்துகொண்டிருந்தது.

பயிற்சி வந்தது இந்த நேரத்தில்தான். நூலக அறையின் அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி, ‘எல்லோருக்குமான வகுப்பறை’ என்று ஒரு துணிப் பதாகை கட்டினார்கள். கல்வி அலுவலகம் அனுப்பிய பயிற்சியாளர் ஒல்லியான மனிதர். எதைச் சொல்வதற்கு முன்னும் “மெதுவா” என்று ஒரு தடவை சொல்லிக்கொள்வார். இரண்டாம் நாளே ஆசிரியர் அறையில் அவர் மெதுவா சார் ஆகிவிட்டார். வந்த பிள்ளையை எழுப்பி நிறுத்தி ஊர்க்கதை கேட்காதீர்கள், கதவு கண்ணில் படுகிற இடத்தில் உட்காரவையுங்கள், தீயணைப்பு மணியைச் சோதிப்பதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றெல்லாம் அவர் சொன்னதைப் பெரியவள் வரிவிடாமல் எழுதிக்கொண்டாள். ஆனால் அவள் மனம் சுற்றறிக்கையின் கடைசி வரியில் இருந்தது. பயிற்சியின் முடிவில் பள்ளிக்கு ஒருவரை ஒருங்கிணைப்பாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் மற்ற பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போவார். பெரியவளுக்கு அந்த ஒரு பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும். ஆசிரியர் அறையோ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. சின்ன டீச்சரை விட்டால் வேறு யார்?

மூன்றாம் வாரம் பார்வையிடல். ஒவ்வொருவரும் இன்னொருவர் வகுப்பில் பின்பெஞ்சில் ஒரு பாடவேளை உட்கார வேண்டும்.

“மெதுவா,” என்றார் அவர். “டீச்சரைப் பார்க்காதீங்க. ஒரே ஒரு பிள்ளையைப் பாருங்க. அது எதைப் பார்க்குதுன்னு பாருங்க.”

‘ஆ’ பிரிவு தனக்கு என்று பெரியவள் முந்திக்கொண்டு சொன்னாள். ஓர்ப்படிகளுக்குள் எவ்வளவு ஒட்டுதல் என்று தலைமையாசிரியை மெச்சினார்.

சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பெரியவள் முதல் கால் மணி நேரம் விதியை மீறி ஆசிரியையைத்தான் பார்த்தாள். கரும்பலகையில் சின்னவளின் எழுத்து போகப்போகச் சரிந்து இறங்கியது. துணி இருக்க, உள்ளங்கையால் அழித்தாள். இதையெல்லாம் குறை என்று யாரிடம் போய்ச் சொல்வது? கழித்தல் கணக்குக்காக அவள் வரைந்த ஆடு நாயைப் போல இருந்தது. “இது குலைக்கிற ஆடு” என்றாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. தன் வகுப்பு கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தது என்று பெரியவளுக்கு நினைவு வரவில்லை. அப்போதுதான் கண்ணைத் திருப்பிப் புதுசைப் பார்த்தாள்.

புதுசும் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பிந்தி.

பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லோரும் சேர்ந்து ஆறாம் வாய்ப்பாடு சொன்னபோது புதுசின் கண் பலகையில் இல்லை. பக்கத்தில் இருந்த இரட்டைச் சடைக்காரியின் வாயில் இருந்தது. அந்த வாய் திறந்த பிறகு இந்த வாய் திறந்தது. கேள்வி கேட்டால் முதலில் இரட்டைச் சடைக்காரியின் கை, பிறகு இவள் கை. அடுத்த சிரிப்பு வந்தபோது பெரியவள் காத்திருந்து பார்த்தாள். புதுசு இடப்பக்கம் ஒரு முகம், வலப்பக்கம் ஒரு முகம் பார்த்தாள். அதன் பிறகு சிரித்தாள். பிந்தியதைச் சமாளிக்கிற மாதிரி கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று பெரியவளுக்குத் தோன்றியது. எங்கே என்பது உடனே தெரிந்தும்விட்டது. அந்த நினைப்பை அங்கேயே மிதித்து அணைத்தாள். கையில் கிடைத்திருப்பது வேறொன்று என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

மதியம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். “என் கிளாஸ் எப்படிக்கா இருந்துச்சு?” என்று சின்னவள் கேட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினாள் பெரியவள்.

மாலை ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியையும் வந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராகப் பாராட்டி முடித்தார்கள். பெரியவளின் முறை வந்தது.

“அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் புரியல,” என்றாள். “புரிஞ்ச மாதிரி இருக்கக் கத்துக்கிட்டிருக்கா. வாய்ப்பாடு அவ சொல்லல, பக்கத்துல உள்ளவளோட வாயைப் பார்த்து வாயசைக்கிறா. சிரிப்பைப் பாருங்க. மத்தவங்க முகத்தைப் பார்த்துட்டுத்தான் வருது. அரை நொடி லேட்டா வரும். லேட்டா வந்தது தெரியக் கூடாதுன்னு கொஞ்சம் சத்தமா வரும்.”

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரியவளையே பார்த்தாள். மதியம் டப்பாவை மூடியது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தலைமையாசிரியை பேனா மூடியைக் கழற்றி மாட்டினார்.

“மெதுவா,” என்றார் பயிற்சியாளர், பழக்கத்தில். பிறகு பெரியவளிடம், “இவ்வளவு நுணுக்கமா எப்படிப் பிடிச்சீங்க?”

“பழக்கம்தான்” என்றாள். அனுபவத்தைச் சொல்கிறாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, பிரார்த்தனை மணிக்கு முன்பே சின்னவள் புதுசை மட்டும் வகுப்புக்கு அழைத்து, அலமாரியில் இருக்கிற நீலப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள். புதுசு பக்கத்துப் பெஞ்சைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. தலையை ஆட்டிச் சிரித்தாள்; நின்ற இடத்திலேயே நின்றாள். இதைச் சின்னவள் யாரும் கேட்காமலே ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னும் சொன்னாள். “அக்கா சொன்னது சரி. நான் இவ்வளவு நாளா சிரிப்புக்கு மார்க் போட்டுட்டு இருந்திருக்கேன்” என்றாள்.

அதற்குப் பயிற்சியாளர் சொன்ன வழி எளிமையானது. வகுப்பில் சொல்லப்போவதை அந்தப் பிள்ளைக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். கையில் பொருளைக் கொடுத்து, நாலைந்து வார்த்தை. எல்லோரோடும் சேர்ந்து கேட்கும்போது அது அவளுக்கு இரண்டாம் தடவையாக இருக்கட்டும். சின்னவள் மறுநாளிலிருந்து ஒரு பேருந்து முன்னதாகவே போக ஆரம்பித்தாள். பெரியவள் வழக்கமான பேருந்தில் தனியாகப் போனாள்; பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டாள்.

பயிற்சி முடிந்த நாளில் ஒருங்கிணைப்பாளராகப் பெரியவளின் பெயரைத்தான் வாசித்தார்கள். கை தட்டினார்கள். முதலில் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டது சின்னவள். அன்று முழுக்க ஆசிரியர் அறையில் பேச்சு என்னவோ சின்ன டீச்சரைப் பற்றித்தான். என்ன மனசு, எப்படி ஒத்துக்கொண்டாள், வேறு ஒருத்தி என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள் என்றார்கள். ‘பதவி எனக்கு, பேர் அவளுக்கு’ என்று பெரியவள் நினைத்தாள். ஆசைப்பட்ட ஒன்று கையில் இருந்தும், அடுத்தவள் கையில் என்ன இருக்கிறது என்றே பார்க்கத் தோன்றியது.

அன்று மேசையில் சின்னவள் புதுசைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் இன்று பக்கத்தில் பார்க்காமல், யாரும் தூக்குவதற்கு முன் கையைத் தூக்கினாளாம். சொன்ன விடை தப்பாம். அதைச் சொல்லும்போது சின்னவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாரும் தப்பு என்று நினைக்க மாட்டார்கள். பேச்சின் நடுவே கொழுந்தன் கைப்பேசியைக் காணோம் என்று சட்டைப்பையைத் தடவினான். சின்னவள் அதே அப்பாவி முகத்தோடு, “யாரைத் தேடுறீங்க?” என்றாள்.

மேசை குலுங்கியது. பெரியவள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள், கணவனின் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள். கொஞ்சம் சத்தமாகவே. சிரித்துக்கொண்டே திரும்பியவள், சின்னவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டாள். அவள் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பெஞ்சிலிருந்து பார்க்கிற பார்வை. பெரியவள் யாரும் கேட்காத தண்ணீரை எடுத்து எல்லோர் தம்ளரிலும் ஊற்றினாள்.

அடுத்த நாள் மாலை சமையலறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். சின்னவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், குழாயிடம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

“உங்க வீட்டுக்காரருக்கு அப்ப ஏழு வயசிருக்கும்க்கா. முடி வெட்டிக்கப் பயம். ஒரு நாள் முடிவெட்டுறவர் வர்றார்னு எங்க வீட்டு மர அலமாரிக்குள்ள போய் ஒளிஞ்சவர், அப்படியே தூங்கிட்டார்.”

“இப்ப யாரு இதைக் கேட்டா?” என்றாள் பெரியவள்.

“யாரும் கேட்கல.” ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள். “தெருவே தேடுது. அத்தை கிணத்தடியில உட்கார்ந்து அழறாங்க. இவர் எழுந்து, கண்ணைக் கசக்கிட்டு வெளிய வந்து, கூட்டத்தைப் பார்த்துட்டு, ‘யாரைத் தேடுறீங்க?’ன்னு கேட்டாரு. இருட்டுல யாருன்னு பார்க்காம யாரோ, ‘ஒரு சின்னப் பையனைக் காணோம்’னாங்க. இவரும் சேர்ந்து தேடப் போயிட்டாரு. அரை மணி நேரம்.”

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு முன்னால் எரிச்சல் வந்தது. தன் கணவனின் ஏழு வயதை இவள் பார்த்திருக்கிறாள். அதை இத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்து இன்று எடுத்துக் கொடுக்கிறாள். அதைவிட, கொடுத்த விதம். முன்கூட்டியே, தனியாக, ஒரு தடவை. அடுத்த திங்கட்கிழமை பக்கத்துப் பள்ளியில் போய் இதைத்தான் அவள் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குள் இவள் தன்னிடமே செய்து காட்டிவிட்டாள்.

“நல்லா துடைச்சு வை. தட்டுல தண்ணி நிக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவள் கணவன் மூக்குக்கண்ணாடியைக் காணாமல் எழுந்தான். அலமாரி மேல் பார்த்தான், சன்னல் விளிம்பில் கைவிட்டுத் தடவினான். சின்னவள் கையில் இருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு முகத்தைத் தயார் செய்துகொண்டாள்.

“யாரைத் தேடுறீங்க?” என்றாள் பெரியவள்.

அவன் அப்படியே நின்று திரும்பினான். காது சிவந்தது. மாமியாருக்குப் புரையேறியது. கொழுந்தன் மேசையைத் தட்டிய தட்டில் கரண்டி கீழே விழுந்தது. அத்தனை சிரிப்புக்கும் நடுவில், சின்னவளின் சிரிப்பு மட்டும் அரை நொடி தாமதமாக வந்தது. கொஞ்சம் சத்தமாக வந்தது. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. பெரியவள் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.