பூட்டிய கதவும் திறந்த கணக்கும்

மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரைப் புகை தொட்டபோதே, அது போகும் வழியைக் கணினியில் கணக்குப் போட்டுக் கொடுத்த இன்ஜினீயர் இரண்டடி பின்வாங்கினான். அவனுடைய கணினியில் இந்தப் புகை சமர்த்தாக மேலே ஏறி, கூரை ஃபேன்கள் வழியாக வெளியே போயிருந்தது. இங்கேயோ கடைத்தொகுதி முழுக்க இறங்கி, நின்றவர்களை இரும வைத்தது. நல்லவேளை, நெருப்பு இல்லை. திறப்பு விழாவுக்கு முன் மெஷின் வைத்துப் புகைவிட்டு நடத்தும் சோதனைதான்.

"ஃபேன் இழுக்கவே இல்லையே! என்னத்தய்யா மாட்டி வச்சிருக்கீங்க?" என்று கட்டட முதலாளி எகிறினார். எகிறியது ஃபேன் காண்ட்ராக்டர் மேல். அவர் வேறு யாருமில்லை, இவனுடைய அக்கா புருஷன்.

அத்தான் கூரைக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏறினார். முட்டி வலிக்காரர். பார்த்துவிட்டு இறங்கினார். மறுபடி புகை விட்டார்கள், மறுபடி புகை இறங்கியது, மறுபடி ஏறி இறங்கினார், மூன்றாம் முறையும் ஏறினார்.

காரணம் இவனுக்குத் தெரியும். புகை மேலே போக வேண்டுமானால் கீழேயிருந்து காற்று வர வேண்டும். கதவுகளை மூடி வைத்துக் கணக்குப் போட்டபோது கணினியிலும் புகை இறங்கத்தான் செய்தது. ஆனால் மறுநாளே அறிக்கை கொடுத்தாக வேண்டியிருந்தது. கீழ்த்தளக் கதவு இரண்டையும் மவுஸால் திறந்துவிட்டான், படம் பளிச்சென்று வந்துவிட்டது. 'அலாரம் அடித்ததும் கதவு தானாகத் திறக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுத மறந்தான். மறந்தானாம்! எழுதினால் ஆயிரம் கேள்வி வருமே என்று பயந்து மறந்தான். இங்கே அந்தக் கதவுகள் பூட்டிக் கிடந்தன.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியாத்தானே வந்துச்சு?" என்று முதலாளி இவனைக் கேட்டார்.

"வந்துச்சு சார்," என்றான், பாவி.

"அப்ப ஃபேன்தான். நாளைக்கே வேற ஆளப் போடறேன்." முதலாளி விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தார்.

அத்தான் மூன்றாம் முறை இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே இவனை ஓரமாக அழைத்தார். "ஃபேன்ல ஒரு குறையும் இல்ல மாப்ள. உன் ரிப்போர்ட்ட நானும் பாத்தேன். படத்துல கதவு ரெண்டும் திறந்திருக்கு."

"அத்தான்... அவர்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீ சொல்லுவேன்னுதான் மூணு தடவ ஏறி இறங்கினேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. காருக்கு ஓடினான். "சார், ஃபேன்ல தப்பு இல்ல. தப்பு பண்ணது நான்," என்றான். சொல்லிவிட்டுத் திரும்பினால், அத்தான், இவன் கூசிப்போகக் கூடாதென்றோ என்னவோ, இவன் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.