நான்காவது குண்டுக்குப் பிறகு

நூற்று இருபத்தாறு நாட்களாக நான் வேலை பார்க்கும் பாலாலையிலிருந்து இரண்டு டிராம் மாறி வீட்டுக்குப் போகிறேன். ஐம்பது நிமிடம். கார் கொட்டகைகளுக்கு நடுவே நடந்தால் பன்னிரண்டு நிமிடம்தான். அந்தப் பாதை எனக்குத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் ரப்பர் குண்டுத் துப்பாக்கி. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும், உரிமத்துக்கு இந்தத் தேர்வு.

ஏன் என்று கேட்டவர்களிடம் தெருநாய்கள் என்றேன். எங்கள் செல்யாபின்ஸ்க் நகரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

சுடுமிடம் நிலவறையில் இருந்தது. வெளியே பெஞ்சில் ஐந்து ஆண்களும் நானும். அவர்களில் லாரி ஓட்டுநரான தாமிர், தன் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினார்.

"குடி தங்கச்சி. நீ நடுங்குறதுல பெஞ்சே ஆடுது."

"நீங்க உக்காந்ததுல ஆடுது."

எல்லோரும் சிரித்தார்கள். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

தாமிர் முதலில் போனார். நான்கு வெடிச்சத்தம். அடுத்து, பயிற்சி தந்து தேர்வும் நடத்தும் ரோடியோன் யெகோரிச்சின் அதட்டல். தாமிர் முகம் தொங்க வெளியே வந்தார்.

"நாலும் பட்டுச்சு. பாத்தீங்களான்னு சிரிச்சுக்கிட்டே திரும்பிட்டேன், கையில துப்பாக்கியோட. குழல் நேரா அவரு வயித்தப் பாத்துச்சு."

"அவ்வளவு பெரிய வயித்த எந்தக் குழல்தான் பாக்காது," என்றார் பெஞ்சில் ஒருவர்.

மூன்றாவதாக நான். பாலாலை ஆய்வகத்தில் பாலின் கொழுப்பை அளக்கும்போது செய்வதுபோல மூச்சை மெல்ல விட்டு, பாதியில் நிறுத்தி, சுட்டேன். நான்கும் அட்டை மனிதனின் நெஞ்சில் பட்டன.

"தைசியா அர்காத்யெவ்னா."

பின்னாலிருந்து, தாழ்ந்த குரலில், அப்பா பெயரையும் சேர்த்து என் முழுப் பெயர். பயிற்சி முழுக்க ரோடியோன் யெகோரிச் என்னைப் "பொண்ணே" என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

நான் திரும்பவில்லை. துப்பாக்கியின் நான்கு குழல்களையும் மடித்துத் திறந்தேன். நான்கு காலி உறைகளையும் எடுத்தேன். குழல் இலக்கைப் பார்க்கும்படி மேசையில் வைத்து, ஓர் அடி பின்னால் வந்தேன். அதன் பிறகுதான் திரும்பினேன்.

அவர் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமா இப்படிக் கூப்பிட்டுச் சோதிக்கிறேன். முக்காவாசிப் பேரு துப்பாக்கியோட திரும்பிடுவாங்க. போலீஸ்காரனே திரும்பியிருக்கான். உன்னால எப்படிம்மா முடிஞ்சுது?"

கதவருகே தாமிர் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி பாஸா?" என்று கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். வழக்கமாக நான் நன்றி சொல்லிவிட்டு ஓடியிருப்பேன்.

"ஒரு தடவ திரும்பிட்டேன்," என்றேன். "நவம்பர்ல, கார் கொட்டகைகிட்ட. இதே மாதிரி ஒருத்தன் முழுப் பேரு சொல்லிக் கூப்பிட்டான். தெரிஞ்சவங்கதானேன்னு திரும்பினேன். கழுத்தப் பிடிச்சு உள்ள இழுத்தான். கையக் கடிச்சிட்டு ஓடினேன்."

கைதட்டல் நின்றது. ரோடியோன் யெகோரிச் இருபது வருடம் போலீசில் இருந்தவர். கையெழுத்திட்ட தாளை என்னிடம் தந்துவிட்டு, வெற்றுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"பாஸான தாள் உன்னோடது, நீ என்ன சொன்னாலும் யாரும் திருப்பி வாங்க முடியாது. இப்ப சொல்லு. ஸ்டேஷன்ல சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்லல."

"ஆளத் தெரியுமா?"

"தினமும் பாக்குறேன்."

"நாளைக்குக் காலையில நானே உன்கூட ஸ்டேஷனுக்கு வரேன். பேரு?"

ஆறு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"கிளெப் சவேலிச் துரோவ். எங்க பாலாலையோட கிடங்கு மேலாளர்."